கம்ப்யூட்டர் ஸ்லோவா? பார்மட் செய்யும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்

"கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்கு. பார்மட் பண்ணிடலாமா?" என்னிடம் சந்தேகம் கேட்பவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். மீதிப் பேர் ஒரு படி மேலே போய், "புதுசு வாங்கிடலாமா?" என்று கேட்கிறார்கள். காய்ச்சல் என்று வருபவருக்கு நல்ல டாக்டர் எடுத்தவுடன் ஊசி போடுவதில்லை. என்ன காய்ச்சல் என்று பார்ப்பார். (எடுத்தவுடன் ஊசி போடும் டாக்டர்களும் உண்டு. அது வேறு கதை.) கம்ப்யூட்டர் மெதுவாக இயங்குவதும் காய்ச்சல் போலத்தான். அது நோய் அல்ல, அறிகுறி.

சமையலறையை நினைத்துக் கொள்ளுங்கள். சமைப்பவர்தான் பிராசஸர். அவர் எதிரே இருக்கும் மேடை, ராம் மெமரி. சாமான்கள் அடுக்கி வைத்திருக்கும் பரண், ஹார்ட் டிஸ்க். கடையிலிருந்து வரவேண்டிய சாமான், இன்டர்நெட். சாப்பாடு தாமதமானால் நான்கில் எங்கோ சிக்கல். சமைப்பவர் களைத்திருக்கலாம், மேடை சிறிதாக இருக்கலாம், பரணில் ஏறி இறங்கவே நேரம் போகலாம், கடைப் பையன் வராமல் இருக்கலாம். கடைப் பையன் வராததற்குச் சமையலறையை இடித்துக் கட்டினால் என்ன பயன்? இணைய தளங்கள் மட்டும் மெதுவாகத் திறந்து, கம்ப்யூட்டரில் உள்ள பைல்கள் சட்டென்று திறந்தால் கோளாறு இணைப்பில்தான். அதற்குக் கம்ப்யூட்டரைக் குறை சொல்ல வேண்டாம்.

இன்னொரு சிறு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் ‘சிபியு’ என்றால் மேசைக்கடியில் இருக்கும் முழுப் பெட்டியையும் குறிக்கும். இந்தக் கட்டுரையில் சிபியு என்று வந்தால் பெட்டிக்குள் இருக்கும் பிராசஸர் சிப் மட்டும்தான்.

ரீஸ்டார்ட் வேறு, ஷட் டவுன் வேறு

எதைத் தொடும் முன்பும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்திடுங்கள். "நான்தான் தினமும் ராத்திரி ஆப் பண்றேனே" என்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘பாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இருக்கிறது. ஷட் டவுன் செய்யும்போது உங்கள் புரோகிராம்கள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் உட்பகுதி முழுவதும் மூடப்படாமல், அப்படியே டிஸ்க்கில் எழுதி வைக்கப்படும். மறுநாள் அதையே எடுத்துத் தொடரும். இதனால் கம்ப்யூட்டர் சீக்கிரம் தொடங்கும். ஆனால் பழைய சிக்கல்களும் கூடவே தொடரும். ரீஸ்டார்ட் மட்டும்தான் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறது. தினமும் ஆப் செய்கிற கம்ப்யூட்டரில்கூட, டாஸ்க் மேனேஜர் ‘அப் டைம் 23 நாள்’ என்று காட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

புதிய கம்ப்யூட்டர் வாங்கி இரண்டே நாள் ஆகியிருந்தால் இன்னும் பொறுமை தேவை. முதல் ஓரிரு நாட்கள் விண்டோஸ் தன் அப்டேட் பைல்களை இறக்கும், உங்கள் பைல்களைத் தேடுவதற்கு அட்டவணை தயாரிக்கும், வைரஸ் சோதனை செய்யும். அதற்குள் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

டாஸ்க் மேனேஜரைப் படிப்பது எப்படி?

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10-ல் சிறிய கட்டம் மட்டும் வந்தால், அதன் கீழே ‘மோர் டீட்டெய்ல்ஸ்’ என்பதில் கிளிக் செய்திடவும். பிராசஸஸ் பிரிவில் சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று நான்கு நெடுவரிசைகள் இருக்கும். நம் சமையலறையின் நான்கு பகுதிகளும் இவைதான். தலைப்பில் கிளிக் செய்தால் அதிகம் பயன்படுத்தும் புரோகிராம் மேலே வரும்.

கம்ப்யூட்டரைப் போட்டவுடன் பார்க்காதீர்கள். பத்து நிமிடம் கழித்து, எது மெதுவாக இருக்கிறது என்று நினைக்கிறீர்களோ அந்த வேலையைச் செய்துகொண்டே பாருங்கள். நான்கில் எது 90, 100 என்று போய் அங்கேயே நிற்கிறதோ, மற்ற மூன்றும் அதற்காகத்தான் காத்திருக்கின்றன.

சிபியு நூறில் நின்றால், எந்தப் புரோகிராம் என்று பாருங்கள். ‘ஆண்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்’ என்றால் விண்டோஸுடன் வரும் டிபெண்டர் சோதனை செய்துகொண்டிருக்கிறது. அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். ‘டீட்டெய்ல்ஸ்’ பிரிவில் ‘சிஸ்டம் ஐடில் பிராசஸ்’ 95 என்று காட்டுவதைப் பார்த்துப் பயந்தவர்கள் பலர். அது பிராசஸர் சும்மா இருக்கும் நேரம். அந்த எண் அதிகமாக இருந்தால் நல்லதுதான்.

ஆனால் நான் பார்த்த பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் சிவந்து நின்றது சிபியு அல்ல, டிஸ்க்.

பரணில் ஏறி இறங்கும் நேரம்

‘டிஸ்க் 100 சதவீதம்’ என்று இருக்கும். பக்கத்தில் பார்த்தால் நொடிக்கு ஒரு எம்பிகூடப் போகாது. "நொடிக்கு 150 எம்பி வேகம்னு சொல்லித்தானே வித்தாங்க?" என்று சந்தேகம் வரும். இரண்டும் உண்மைதான். நூறு சதவீதம் என்பது டிஸ்க் எவ்வளவு நேரம் வேலையாக இருந்தது என்ற கணக்கு. எவ்வளவு டேட்டாவைக் கொண்டுவந்தது என்ற கணக்கு அல்ல.

சாதாரண ஹார்ட் டிஸ்க்கினுள் தட்டுகள் சுழல்கின்றன. டெஸ்க்டாப் டிஸ்க் என்றால் பொதுவாக நிமிடத்திற்கு 7,200 சுற்று. பல லேப்டாப் டிஸ்க்குகளில் 5,400 சுற்றுதான். 7,200 என்றால் ஒரு சுற்றுக்கு சுமார் 8.3 மில்லி செகண்ட். வேண்டிய இடம் தலைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி செகண்ட் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தலை அந்த வரிசைக்கு நகர வேண்டும். அதற்கு 8, 9 மில்லி செகண்ட். மொத்தம் 12, 13 மில்லி செகண்ட். ஆக, ஒரு நொடியில் ஏறத்தாழ 80 முறைதான் பரணில் ஏறி இறங்க முடியும். ஒவ்வொரு முறையும் 4 கேபி அளவுள்ள சிறு துண்டு எடுத்தால் நொடிக்கு 320 கேபிதான் கிடைக்கும்! ஒரே பெரிய சினிமா பைலை வரிசையாகப் படிக்கும்போதுதான் 150 எம்பி. விண்டோஸ் தொடங்கும்போதோ, பிரவுசர் திறக்கும்போதோ தேவைப்படுவது அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகள்.

எஸ்எஸ்டி என்பதில் சுழலும் தட்டும் கிடையாது, நகரும் தலையும் கிடையாது. எல்லாம் மெமரி சிப். ஒரு துண்டை எடுக்க 0.1 மில்லி செகண்டோ அதைவிடக் குறைவாகவோதான் ஆகும். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். வெறும் ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றிய பழைய கம்ப்யூட்டரை அதன் சொந்தக்காரரே அடையாளம் தெரியாமல் பார்ப்பது இதனால்தான்.

உங்களிடம் இருப்பது எது? டாஸ்க் மேனேஜரில் பெர்பார்மன்ஸ் பிரிவுக்குச் சென்றால், இடது பக்கம் டிஸ்க் என்பதற்கு அடியிலேயே எச்டிடி அல்லது எஸ்எஸ்டி என்று எழுதியிருக்கும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை

அதே இடத்தில் ‘ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்’ என்று ஓர் எண் இருக்கும். கடுமையாக வேலை செய்யும் நல்ல ஹார்ட் டிஸ்க்கில் இது பத்துகளில் இருக்கும். எப்போதாவது நூறைத் தாண்டும். டேட்டா எதுவும் போகாத நேரத்திலும் ஆயிரக்கணக்கில் நின்றால் டிஸ்க் சாகக் கிடக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். அலுவலகத்தில் பயன்படுத்திக் கழித்த டெஸ்க்டாப் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். "ஆன் பண்ணிட்டுக் குளிச்சிட்டு வந்தாக்கூடத் திரை வரலை தம்பி. கடையில பார்மட் பண்ணி விண்டோஸ் போட்டா சரியாயிடும்ங்கறாங்க. நாளைக்குக் கொடுக்கலாம்னு இருக்கேன்" என்றார். "கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்க்கிறேன் ஐயா" என்று போனேன். டிஸ்க் 100 சதவீதம். போகும் டேட்டா பூஜ்யம். ரெஸ்பான்ஸ் டைம் மூவாயிரத்துச் சொச்சம்.

"இதுல முக்கியமா என்னங்கய்யா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "பெருசா ஒண்ணுமில்ல, போட்டோதான்" என்றார். போனில் இடம் போதாமல் படங்களை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, போனில் அழித்திருக்கிறார். அவற்றில் மூன்று வருடங்களுக்கு முன் காலமான அவர் மனைவியின் கடைசி வருடப் படங்களும் இருந்தன. வேறு எங்கும் பிரதி இல்லை.

‘கிரிஸ்டல் டிஸ்க் இன்போ’ என்று ஓர் இலவச சாப்ட்வேர் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்குகள் தங்கள் உடல்நிலையைத் தாங்களே குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பை இது படித்துக் காட்டும். நீல நிறத்தில் ‘குட்’ என்றால் சரி. மஞ்சளில் ‘காஷன்’ என்றால் உஷார். சிவப்பில் ‘பேட்’ என்றால் உடனே செயல்பட வேண்டும். அவருடையது மஞ்சள். படிக்க முடியாமல் காத்திருப்பில் இருக்கும் பகுதிகள் எத்தனை என்று சொல்லும் ‘கரண்ட் பெண்டிங் செக்டார்’ வரிசையில் பூஜ்யம் இருக்க வேண்டும். இருக்கவில்லை.

அன்று மாலை வேறு எதையும் தொடவில்லை. எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றை இணைத்து, படங்கள் இருந்த போல்டரை முதலில் காப்பி செய்யத் தொடங்கினோம். நடுநடுவே நின்று நின்று, இரவு பதினொன்று ஆகிவிட்டது. நாலாயிரத்துச் சொச்சம் படங்களில் ஏழு மட்டும் திறக்கவில்லை. மறுநாள் கடையில் பார்மட் செய்திருந்தால், கம்ப்யூட்டர் ஒரு வாரம் கொஞ்சம் வேகமாக இருந்திருக்கும். படங்கள் இருந்திருக்காது.

ஆகவே டிஸ்க் மேல் சந்தேகம் வந்தால் முதல் வேலை காப்பி. டிபிராக், டிஸ்க் செக் போன்ற எதையும் அதற்கு முன் ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓடவிட்டால் கடைசி மூச்சும் போய்விடும். கடகடவென்று சத்தம் வந்தால் உடனே ஆப் செய்துவிட்டு, டேட்டா மீட்பவர்களிடம் காட்டுங்கள். அதே போல ‘குட்’ என்று வந்தால் நிரந்தர உத்தரவாதம் என்று எண்ண வேண்டாம். முன்னறிவிப்பே இல்லாமல் போகும் டிஸ்க்குகளும் உண்டு.

எஸ்எஸ்டி போடும்போது

டெஸ்க்டாப்பிலும் பழைய லேப்டாப்பிலும் 2.5 அங்குல ‘சாட்டா’ எஸ்எஸ்டி பொருந்தும். ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் அதே கேபிள்தான். பழைய போர்டில் சாட்டா வேகம் பாதிதான் என்று கடையில் சொன்னாலும் கவலை இல்லை. நமக்கு லாபம் ஏறி இறங்கும் நேரத்தில்தான், அது எந்தப் போர்டிலும் கிடைக்கும். சூயிங் கம் பட்டை போல இருக்கும் எம்.2 வகையை வாங்கும் முன், உங்கள் போர்டில் அதற்கான இடம் இருக்கிறதா, எந்த வகை எம்.2 என்று பார்த்துக்கொள்ளுங்கள். 240 அல்லது 256 ஜிபி சாதாரண வீட்டுக்குப் போதும். முறையாகப் பதிந்த விண்டோஸ் 10 அல்லது 11 என்றால், அதே போர்டில் டிஸ்க்கை மாற்றி விண்டோஸை மீண்டும் பதித்தாலும் இன்டர்நெட்டில் இணைந்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். மறுபடி பணம் கட்ட வேண்டியதில்லை.

புதிதாக விண்டோஸ் பதிக்கும் முன் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் போல்டர்களையும், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் எடுத்து வையுங்கள். பலரும் மறப்பது ஒன்று உண்டு: தமிழ் எழுத்துருக்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதங்களோ கதைகளோ இருந்தால், அந்த எழுத்துருக்களையும் காப்பி செய்துகொள்ளுங்கள். அவை இல்லாமல் திறந்தால் உங்கள் கடிதம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும்.

மேடை சிறிதாக இருந்தால்

மெமரி நெடுவரிசை 60, 70 என்று இருப்பது குறை அல்ல. காலியாகக் கிடக்கும் ராம் யாருக்கும் பயன்படாது என்பதால் விண்டோஸ் அதை நிரப்பி வைத்துக்கொள்ளும். 90-ஐத் தாண்டி நின்று, டிஸ்க்கும் சேர்ந்து சிவந்தால்தான் பிரச்சினை. மேடையில் இடமில்லாமல் பாத்திரங்களைப் பரணுக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாக இருக்கிறது என்று பொருள்.

4 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டரில் பிரவுசரில் பதினைந்து டேப் திறந்து வைப்பவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும். குரோம், எட்ஜ் பிரவுசர்களில் ஷிப்ட், எஸ்கேப் அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு மெமரி பிடித்திருக்கிறது என்று காட்டும். பெர்பார்மன்ஸ் பிரிவில் மெமரியைக் கிளிக் செய்து ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆப் 2’ என்று இருந்தால் இன்னொரு பட்டை போட இடம் இருக்கிறது. டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. வெட்டு இருக்கும் இடமே வேறு. பழைய பட்டையைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்வதே நல்லது. மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கு ஒன்றும் செய்ய முடியாது.

பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மெதுவாகிறதா?

அப்படியானால் சூடு. பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடானால், கருகிப்போகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெர்பார்மன்ஸில் சிபியுவைக் கிளிக் செய்து பாருங்கள். ‘பேஸ் ஸ்பீடு’ 2.4 என்று இருக்க, நூறு சதவீத வேலையில் ‘ஸ்பீடு’ 0.8 என்று காட்டினால் சந்தேகம் உறுதி. நம் ஊர்த் தூசிக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது பெட்டியைத் திறக்க வேண்டும். மின் இணைப்பை முழுதாகப் பிடுங்கிவிட்டு, காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். பேனை விரலால் பிடித்துக்கொண்டு தட்டுங்கள், சுழல விடாதீர்கள். லேப்டாப்பை மெத்தை மேல் வைத்துப் பயன்படுத்தினால் காற்று போகும் வழியை நீங்களே அடைக்கிறீர்கள்.

செலவில்லாத வேலைகளில் ஸ்டார்ட்அப் பட்டியலைக் குறைப்பதுதான் முதலில் செய்ய வேண்டியது. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பிரிவில், மீட்டிங், பாட்டு, கேம் சாப்ட்வேர்கள் எல்லாம் தாமாக வந்து உட்கார்ந்திருக்கும். வேண்டாதவற்றை டிஸேபிள் செய்திடவும். டிஸேபிள் என்றால் அழிப்பது அல்ல; தேவைப்படும்போது நீங்கள் திறந்துகொள்ளலாம். ஆண்டிவைரஸ், ஆடியோ, டச்பேடு சம்பந்தப்பட்டவற்றைத் தொட வேண்டாம். சி டிரைவ் நிரம்பி வழிந்தால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி பைல்ஸ் என்று செல்லுங்கள். ஆனால் அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்றும் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டால் நீங்கள் இறக்கி வைத்த சான்றிதழ், ரசீது எல்லாம் போய்விடும்.

கைவிட வேண்டிய பழக்கங்கள்

டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ரெப்ரெஷ், ரெப்ரெஷ் என்று பத்து முறை அழுத்துவது நம் நாட்டின் தேசியப் பழக்கம். அது ஐகான்களை மீண்டும் வரைவதைத் தவிர வேறு எதையும் செய்வதில்லை. ‘பிரிபெட்ச்’ போல்டரைத் திறந்து எல்லாவற்றையும் அழிப்பது இன்னொன்று. அந்தப் பைல்கள் 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி காலம் முதல் புரோகிராம்கள் சீக்கிரம் திறப்பதற்காகவே இருக்கின்றன. அழித்தால் அடுத்த முறை இன்னும் மெதுவாகத்தான் திறக்கும்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர், பூஸ்டர் என்று வருபவற்றை நான் யாருக்கும் சொல்வதில்லை. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாப்ட்டே அறிவித்திருக்கிறது. ‘உங்கள் கம்ப்யூட்டர் மெதுவாக உள்ளது, இந்த எண்ணை அழையுங்கள்’ என்று திரையில் வந்தால் அது மோசடி. விண்டோஸின் உண்மையான எச்சரிக்கை எதிலும் தொலைபேசி எண் இருக்காது.

பழையதற்குச் செலவு செய்யலாமா?

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. வீட்டுப் பயனாளர்கள் தனியாகப் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உள்ள பிராசஸரும் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல். உங்கள் கம்ப்யூட்டர் அதற்குத் தகுதியானால், எஸ்எஸ்டி, ராம் இரண்டிலும் தயங்காமல் செலவு செய்யுங்கள். தகுதி இல்லையென்றால், முதலில் எஸ்எஸ்டி மட்டும் போடுங்கள். நாளை புதியது வாங்கினாலும் யுஎஸ்பி பெட்டியில் போட்டு அதைப் பயன்படுத்தலாம். கடிதம் அடிக்கவும், மெயில் பார்க்கவும், யூடியூப் பார்க்கவும் என்றால் லினக்ஸ் மின்ட் பதித்துப் பார்க்கலாம். இலவசம், தமிழும் நன்றாகத் தெரியும்.

கழற்றிய பழைய டிஸ்க் ‘குட்’ நிலையில் இருந்தால், அதையும் ஒரு யுஎஸ்பி பெட்டியில் போட்டு, போட்டோக்களுக்கு இரண்டாவது பிரதி வைக்கப் பயன்படுத்துங்கள். மஞ்சள், சிவப்பு என்றால் அதில் எதையும் வைக்காதீர்கள். அதற்காகப் பழைய இரும்புக் கடையில் எடைக்கும் போட்டுவிடாதீர்கள். உங்களால் படிக்க முடியாத டிஸ்க்கை வேறு யாராவது படிக்கக்கூடும். ஆசிரியர் ஐயா தம்முடையதைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறார். அந்த ஏழு படங்கள் இன்னும் அதில்தான் இருக்கின்றன. டேட்டா மீட்பவர் ஒருவரிடம் விலை கேட்டிருக்கிறார்.